பழைய டீசல் லாரி: மாற்றுவதா, வேலை பார்த்து ஓட்டுவதா?

லாரிக்கு எடுக்கும் எஃப்.சி. (தகுதிச் சான்று) கட்டணம் ஏறிவிட்டது. புது லாரிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கிவிட்டது. டெல்லிக்குள் பழைய டீசல் வண்டிகளை விடுவதில்லை. இந்த மூன்று சேதியும் அடுத்தடுத்து வந்ததில், பத்துப் பதினைந்து வருடம் ஓடிய லாரியை வைத்திருப்பவர்கள் குழம்பிப் போயிருக்கிறார்கள். பெரும்பாலும் கேள்வி இப்படித்தான் வருகிறது: "இன்ஜின் வேலைக்கு மூணு லட்சம் ஆகும்ங்கிறாங்க. அதுக்குப் பதிலா புது வண்டி எடுத்துட்டா என்ன?"

இன்ஜின் வேலையின் 3 லட்சத்தையும் புது வண்டியின் 38 லட்சத்தையும் தராசில் வைத்தால் விடை வராது. இன்ஜின் செலவு இந்த முடிவில் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். அதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று: வண்டி சட்டப்படி எந்த லோடுக்குப் போக முடியும், சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) இன்னும் எத்தனை காலம் தாங்கும், மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2012-ல் பதிவானது, பி.எஸ்.3 (பழைய புகை மாசு விதிப்படி வந்தது), 10 சக்கரம், ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) லோடும் சேர்ந்த மொத்த எடை 25 டன். நாமக்கல், சங்ககிரி பக்கம் 'டாரஸ்' என்று எல்லாரும் சொல்கிற வகை.

வயது: சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது

"15 வருடம் ஆனால் வண்டியை ஓட்டவே கூடாது" என்று பரவலாக நம்பப்படுகிறது. தமிழ்நாட்டில் தனியார் லாரிக்கு அப்படி ஒரு தடை கிடையாது. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டியதும் பதிவு புதுப்பிக்கப்படாமல் போவது அரசு வாகனங்களுக்கு மட்டும். தனியார் வண்டி எஃப்.சி. தேறும் வரை ஓடலாம். ஆனால் வயது ஏற ஏற நான்கு இடத்தில் கதவு சாத்தப்படுகிறது.

1. நேஷனல் பெர்மிட் (என்.பி.), அதாவது வெளிமாநிலங்களுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் அனுமதி. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இரண்டு அச்சு லாரிக்கு 12 வருடத்துக்கு மேல் என்.பி. கிடையாது. இரண்டுக்கு மேற்பட்ட அச்சுள்ள வண்டிக்கு 15 வருடம். நம் 2012 வண்டிக்கு மூன்று அச்சு. ஆகவே 2027-ல் என்.பி. முடிகிறது. அதன்பிறகு மும்பை, குஜராத் லோடு எல்லாம் கைவிட்டுப் போகும். செங்கல், ஜல்லி, எம்-சாண்ட், நெல், கரும்பு என்று மாநிலத்துக்குள்ளேயே சுற்ற வேண்டும். நெடுந்தூர வண்டியின் ஆயுளை முடித்துவைப்பது பெரும்பாலும் இந்த விதிதான், இன்ஜின் இல்லை.

2. எஃப்.சி. புது வண்டிக்கு முதல் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு ஆண்டுதோறும். 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய கனரக வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கும் கட்டணம் 12,500 ரூபாய் ஆனது. 2025 நவம்பரில் மறுபடி மாற்றி, உயர் கட்டணப் படியை 10 வருடத்திலிருந்தே தொடங்கினார்கள். 20 வருடம் தாண்டிய கனரக வண்டிக்கு 25,000 ரூபாய். இதில் மாற்றங்கள் வந்துகொண்டே இருப்பதால் கட்டப்போகும் நாளில் அரசின் பரிவாகன் இணையதளத்தில் தொகையைப் பார்த்துக்கொள்வது நல்லது. உண்மையில் கட்டணத்தைவிட எஃப்.சி. வேலைதான் கையைக் கடிக்கும்: பாடித் தகடு, பெயின்ட், பிரேக் லைனிங், ஒளிரும் பட்டை, லைட், கண்ணாடி, தேய்ந்த டயர் எல்லாம் அந்த ஒரு மாதத்தில் சேர்ந்து வரும். வண்டியும் பத்துப் பதினைந்து நாள் நிற்கும்.

3. டெல்லி. 2025 நவம்பர் 1 முதல், டெல்லிக்கு வெளியே பதிவான பி.எஸ்.3 மற்றும் அதற்குக் கீழான சரக்கு வண்டிகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. பி.எஸ்.4 வண்டிக்கு 2026 அக்டோபர் 31 வரை அவகாசம் தரப்பட்டது. சிவகாசி, திருப்பூர் சரக்கை டெல்லிக்கு ஏற்றுபவருக்கு இது வாழ்வா சாவா விஷயம். திருச்சிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே ஓடுபவருக்கு வெறும் பத்திரிகைச் செய்தி.

4. எடை. 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பை உயர்த்தினார்கள். இரண்டு அச்சு வண்டி 16.2 டன்னிலிருந்து 18.5 டன், மூன்று அச்சு வண்டி 25-லிருந்து 28.5 டன். சோதனையில் செல்லுபடியாவது உங்கள் ஆர்.சி.யில் உள்ள எண்தான். பழைய வண்டியில் 25 என்றால் 25. அதற்கு மேல் ஏற்றினால் 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. புது வண்டியில் புகை சுத்திகரிப்புச் சாதனம், ஏ.சி. கேபின் என்று சொந்த எடையும் கொஞ்சம் கூடியிருக்கும். ஆகவே நிகரமாகக் கிடைப்பது சுமார் 2.5 டன் கூடுதல் லோடு. இந்த 2.5 டன் பின்னால் கணக்கையே திருப்பிப் போடப் போகிறது.

இன்ஜினை மாற்றலாம், சேசிஸை மாற்ற முடியாது

மெக்கானிக்கைக் கூப்பிட்டதும் அவர் இன்ஜினைத்தான் பார்ப்பார். நீங்கள் முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள். பின் ஸ்பிரிங் பிராக்கெட் சேசிஸில் சேரும் இடம், கேபினுக்குப் பின்புறம், கிராஸ் மெம்பர் ரிவெட்டுகள் ஆகிய மூன்று இடத்தையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ரிவெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் துருப்பொடி வழிந்திருந்தால் அது தளர்ந்து அசைகிறது என்று அர்த்தம். மயிரிழை விரிசல் பெரும்பாலும் பிராக்கெட்டின் மூலையில் தொடங்கி ஃபிளேஞ்ச் பக்கமாக ஓடும்.

ஒரு இடத்தில் மட்டும் விரிசல் என்றால், நுனியில் துளை போட்டு, வெல்டிங் செய்து, உள்ளே தகடு வைத்து ரிவெட் அடித்து ஓட்டலாம். ஏற்கெனவே இரண்டு மூன்று இடத்தில் வெல்டிங் போட்ட சேசிஸ் என்றால், ஒவ்வொரு வெல்டிங்கின் சூடும் பக்கத்து இரும்பைப் பலவீனமாக்கியிருக்கும். அடுத்த விரிசல் அதன் ஓரத்திலேயே விழும். இடது பக்கமும் வலது பக்கமும் முன் அச்சு மையத்திலிருந்து பின் அச்சு மையம் வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஸ்பிரிங்கின் மெயின் பட்டையும் சென்டர் போல்ட்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, அதுவும் சரி என்றால் சேசிஸ் கோணியிருக்கிறது என்று முடிவுக்கு வரலாம். கோணிய சேசிஸ் டயரைத் தின்றுகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட வண்டிக்கு 3 லட்சம் ரூபாய் இன்ஜின் வேலை பார்ப்பது வீண்.

சேசிஸ் தேறினால் இன்ஜினுக்கு வரலாம். ஃபுல் இன்ஜின் வேலை என்று தீர்ப்பு வருவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

1. கரும்புகை. இது டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு என்பதன் அடையாளம். ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸ், அதன் கிளிப், நாசில் (டீசல் தெளிப்பான்), பம்ப் காலிப்ரேஷன் என்ற வரிசையில் போக வேண்டும். ஹோஸில் ஒரு விரல் நீள வெடிப்பு போதும். ஏற்றத்தில் இழுவை குறையும், புகை தள்ளும், மைலேஜ் விழும். சில நூறு ரூபாய் ஹோஸுக்குப் போக வேண்டிய வண்டி இன்ஜின் இறக்கும் வரை போவது இங்கேதான்.

2. நீலப்புகை. ஆயில் எரிகிறது. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தால் ரிங், லைனர் (சிலிண்டரின் உள் உறை) அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. அதற்கும் முன் டர்போவைச் சந்தேகியுங்கள். இன்டர்கூலர் பைப்பைக் கழற்றினால் உள்ளே ஆயில் தேங்கி நிற்பது டர்போ சீல் போனதைக் காட்டும்.

3. பிளோ-பை. இன்ஜின் நன்றாகச் சூடானதும், ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். மூடி சும்மா நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது.

4. ஆயில் பிரஷர். சூடான நிலையில், ஐடிலில் 1 பாருக்குக் கீழே இறங்கினால் பேரிங் தேய்ந்திருக்கலாம். டாஷ்போர்டு முள்ளை நம்பாமல் தனி கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும்.

5. ரேடியேட்டரில் குமிழி. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வெட் லைனர் (வெளிப்புறம் தண்ணீர் படும் லைனர்) உள்ள இன்ஜினில் கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரிலேயே வருடக்கணக்கில் ஓட்டியிருந்தால், லைனரின் வெளிப்புறம் அரித்து ஊசித் துளை விழுந்திருக்கவும் கூடும். ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறினால் அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

ஃபுல் இன்ஜின் வேலை என்றால் பிஸ்டன், ரிங், லைனர், மெயின் பேரிங், பிக்-எண்ட் பேரிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் சமப்படுத்துவது, வால்வு கைடு, ஆயில் பம்ப், கேஸ்கட் செட், நாசில், டீசல் பம்ப், டர்போ கிட் எல்லாம் சேர்ந்தது. 5.9 லிட்டர் கம்மின்ஸ் பி சீரிஸ் இன்ஜினில் கம்பெனியிலிருந்து வரும்போது லைனரே கிடையாது. பிளாக்கைப் போர் செய்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) 0.5 மில்லிமீட்டர் அல்லது 1 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவார்கள். அந்த அளவும் தாண்டிவிட்டால்தான் ஸ்லீவ். எனவே முன்பு எத்தனை முறை போர் செய்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விலை பேசக் கூடாது.

3 லட்சம் ரூபாய் வேலை ஒழுங்காக நடந்து, இன்ஜின் இன்னும் 3 லட்சம் கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 1 ரூபாய்தான் ஆகிறது. இது பயப்பட வேண்டிய தொகை இல்லை. ஆனால் மாதம் 2,500 கிலோமீட்டர் மட்டும் ஓடும் லோக்கல் வண்டிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் என்பது பத்து வருடம். வண்டியின் மற்ற பாகம் அவ்வளவு நாள் இருக்காது. அங்கே ரிங், பிக்-எண்ட் பேரிங், ஹெட் வேலை என்று ஹாஃப் இன்ஜினோடு நிறுத்திக்கொள்வதே அளவான செலவு.

கிலோமீட்டர் கணக்கு

கீழே உள்ள எண்கள் ஒரு மாதிரிக்குத்தான். விலையும் மைலேஜும் பாதைக்குப் பாதை மாறும்; உங்கள் டிரிப் ஷீட்டில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

- டீசல் லிட்டர் 93 ரூபாய்.
- பழைய வண்டி லிட்டருக்கு 3.6 கிலோமீட்டர், புதியது 4.2.
- புது வண்டிக்கு டீசலில் 5 சதவீதம் அளவு யூரியாக் கரைசல், லிட்டர் 55 ரூபாய்.
- டயர் நீங்கலாகப் பராமரிப்பு: பழையது கிலோமீட்டருக்கு 5 ரூபாய். புதியது எட்டு வருடச் சராசரியில் 2.50.
- புது வண்டி பாடி கட்டி ரோட்டுக்கு வர 38 லட்சம். பழையதை விற்ற 6 லட்சம் முன்பணம். கடன் 32 லட்சம், வட்டி ஆண்டுக்கு 9.5 சதவீதம், 60 மாதம்.

எரிபொருள்: பழைய வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 25.83 ரூபாய். புதியதற்கு டீசல் 22.14, யூரியா 0.65, ஆக 22.79. மிச்சம் சுமார் 3 ரூபாய். பராமரிப்பில் 2.50. இரண்டும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 5.50 ரூபாய் புது வண்டிக்குச் சாதகம்.

வாடகையை டன் கணக்கில் பேசும் லோடு என்றால் இன்னொன்று சேரும். ஓடும் தூரத்தில் 60 சதவீதம் லோடோடு, டன்-கிலோமீட்டருக்கு 2 ரூபாய், கூடுதல் 2.5 டன்: கிலோமீட்டருக்கு 3 ரூபாய் அதிக வருமானம். சாதகம் 8.50 ஆகிறது. பஞ்சு, தெர்மோகோல், முட்டை அட்டை போன்ற இடம் அடைக்கும் சரக்கு ஏற்றுபவருக்கு இந்த 3 ரூபாய் கிடையாது. டிரிப்புக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாடகை பேசுபவருக்கும் கிடையாது.

செலவு ஒரு கணக்கு, கைப்பணம் இன்னொரு கணக்கு

புது வண்டியின் உண்மையான செலவு எட்டு வருடத்துக்கு: விலை 38 லட்சம், வட்டி 8.3 லட்சம், கடைசியில் விற்றால் திரும்புவது 10 லட்சம் என்று வைத்தால், நிகரம் 36.3 லட்சம். மாதத்துக்கு 37,800. சொந்தச் சேதக் காப்பீடு கூடுதலாக 3,500 சேர்த்தால் 41,300. (மூன்றாம் நபர் காப்பீட்டில் வித்தியாசம் இல்லை. அது வயதைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது. 2022 ஜூன் கட்டணப்படி 20 முதல் 40 டன் வரையுள்ள வாடகை லாரிக்கு 43,950 ரூபாய்.)

பழைய வண்டியின் நிலையான செலவு: எஃப்.சி. கட்டணமும் வேலையும் ஆண்டுக்கு 1.2 லட்சம், மாதம் 10,000. வண்டி மதிப்பு 6 லட்சத்திலிருந்து நான்கு வருடத்தில் 3 லட்சமாக இறங்குவது, மாதம் சுமார் 6,000. ஆக 16,000.

வித்தியாசம் 25,300. அதை 5.50 ஆல் வகுத்தால் மாதம் 4,600 கிலோமீட்டர். கூடுதல் எடையின் வருமானமும் உண்டு என்றால் 3,000 கிலோமீட்டருக்குப் பக்கம். இதற்கு மேல் ஓடுபவருக்கு எட்டு வருடப் பார்வையில் புது வண்டி லாபம். ஷோரூமில் காகிதத்தில் போட்டுக் காட்டும் கணக்கு இத்தோடு நின்றுவிடும்.

இப்போது கைப்பணம். 32 லட்சத்துக்குத் தவணை மாதம் 67,200. காப்பீட்டுக் கூடுதலோடு 70,700. பழைய வண்டிக்குக் கையிலிருந்து போவது மாதம் 10,000. மதிப்பு இறங்குவதை யாரும் பணமாகக் கேட்பதில்லை. வித்தியாசம் 60,700. 5.50 ஆல் வகுத்தால் மாதம் 11,000 கிலோமீட்டர். கூடுதல் எடையோடு 8.50 ஆல் வகுத்தாலும் 7,100 கிலோமீட்டர்.

ஆகவே மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்காரர் செலவுக் கணக்கில் ஜெயித்து, கைப்பணக் கணக்கில் தோற்கிறார். எட்டு வருடத்தில் வரவேண்டிய லாபம் உண்மைதான்; ஆனால் அவர் முதல் ஐந்து வருடத்தைத் தாண்டியாக வேண்டும். மூன்று தவணை நின்றால் ஃபைனான்ஸ் ஆள் வண்டியை எடுத்துப்போக வந்துவிடுவார். புது லாரி வாங்கி நொடித்தவர்கள் பெரும்பாலும் தவறான வண்டியை வாங்கியவர்கள் இல்லை. சரியான வண்டியை அதிகக் கடனில் வாங்கியவர்கள்.

கடனைக் குறைத்தால் எல்லை எப்படி நகர்கிறது என்று பாருங்கள். கடன் 20 லட்சம் என்றால் தவணை 42,000. கைப்பண வித்தியாசம் 35,500. கூடுதல் எடை வருமானமும் இருந்தால் மாதம் 4,200 கிலோமீட்டரிலேயே சமன். எனவே மாற்றுவது என்று முடிவு செய்தாலும், பழைய வண்டியை இன்னும் ஒன்றரை, இரண்டு வருடம் ஓட்டி முன்பணம் சேர்த்துவிட்டு மாற்றுவது பல பேருக்குப் பொருந்தும் வழி. என்.பி. முடியும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி இதைத் திட்டமிட வேண்டும்.

வண்டி நிற்கும் நாட்களை வேண்டுமென்றே மேலே சேர்க்கவில்லை. கடந்த 12 மாதத்தில் பட்டறையில் நின்ற நாள் எத்தனை, லோடு கிடைக்காமல் நின்ற நாள் எத்தனை என்று பிரித்து எழுதுங்கள். முதலாவது மட்டுமே புது வண்டியால் குறையும். லோடு இல்லாமல் புக்கிங் ஆபீஸ் வாசலில் நிற்பது புது வண்டிக்கும் நடக்கும், அதுவும் தவணையோடு.

வருமான வரியில் ஒரு நுணுக்கம். பத்து வண்டிக்கு மிகாமல் வைத்திருப்பவர் உத்தேச வருமான முறையில் கணக்குக் காட்டினால், 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு டன் ஒன்றுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானமாகக் கொள்ளப்படும். 25 டன் வண்டிக்கு 25,000. பெரிய வண்டிக்கு அதற்கேற்ப மேலே. தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. தவணை ஓடும் வருடங்களில் உண்மை லாபம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். வாடகை லாரிக்கு 30 சதவீதத் தேய்மானம் உண்டு என்பதால், முறையான கணக்குப் புத்தகம் வைத்துக் காட்டுவது லாபமா என்று வாங்குவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

பி.எஸ்.6 வண்டிக்குப் பொருந்தாத வேலை

பி.எஸ்.6 நாடு முழுவதும் 2020 ஏப்ரலில் வந்தது. 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம். பழைய வண்டியில் இல்லாத இரண்டு சாதனங்கள் இதில் உண்டு. ஒன்று, புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி. மற்றது, யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைக்கும் எஸ்.சி.ஆர்.

வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்து போக வேண்டுமானால் சைலன்சர் நன்றாகச் சூடேற வேண்டும். நெடுஞ்சாலையில் லோடோடு ஓடும்போது இது தானாக நடக்கும். குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே ஐந்து கிலோமீட்டர் போய், லோடு ஏற இன்ஜினை அணைக்காமல் அரை மணி நேரம் நின்று, மறுபடி ஐந்து கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் சூடு பத்தாது. கரி அடைத்து விளக்கு எரியும். அப்போது வண்டியை ஓரங்கட்டி, டாஷ்போர்டு சுவிட்சை அழுத்தி அரை மணி நேரம்போல நிறுத்தி எரிக்க வேண்டும். டிரைவர் விளக்கைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இழுவை குறையும், கடைசியில் சர்வீஸ் சென்டரில் லேப்டாப் மாட்டித்தான் எடுக்க வேண்டும்.

யூரியாக் கரைசல் என்பது 32.5 சதவீதம் சுத்தமான யூரியாவும் கனிமம் நீக்கிய நீரும். விலை குறைவு என்று ரோட்டோர டிரம்மில் வாங்கினாலோ, உரக்கடை யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்தாலோ, உப்பு படிந்து தெளிக்கும் நாசிலும் கேட்டலிஸ்டும் போகும். சேமித்தது சில நூறு ரூபாய், செலவு லட்சத்தில். அதேபோல இன்ஜின் ஆயிலும் சாம்பல் குறைந்த சி.கே.-4 தரமாக இருக்க வேண்டும். மலிவான பழைய தர ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும், அதை எரித்து நீக்க முடியாது.

வாரண்டி அட்டையில் "6 வருடம்" என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், அது இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் மட்டுமா, நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சாரும் இன்ஜெக்டரும் வயரிங்கும் சேர்ந்ததா என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டும். வழியில் நிற்க வைப்பது அதிகமும் பின்னதுதான்.

ஆக, லோக்கலில் குறைந்த தூரம் ஓடும் வேலைக்குக் கிலோமீட்டர் கணக்கும் புது வண்டிக்கு எதிராக இருக்கிறது, சாதனமும் எதிராக இருக்கிறது. சேசிஸ் நன்றாக இருக்கும் பி.எஸ்.3 வண்டியை எஃப்.சி. தேறும் வரை அங்கே ஓட்டுவதே சரி. மாறாக, மாதம் 7,000 கிலோமீட்டருக்கு மேல், டன் கணக்கு வாடகையில், வெளிமாநிலம் ஓடுபவர் என்.பி. முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நடுவழி: ஓடிய பி.எஸ்.4

2017 ஏப்ரலுக்கும் 2020 மார்ச்சுக்கும் நடுவில் விற்ற பி.எஸ்.4 வண்டி பாதி விலைக்குக் கிடைக்கும். 2019-ல் பதிவான மூன்று அச்சு வண்டிக்கு 2034 வரை என்.பி. உண்டு. டி.பி.எஃப். தொல்லை இல்லை. 2018 கடைசிக்குப் பிறகு வந்ததாக இருந்தால் ஆர்.சி.யில் புது எடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அது பெரிய லாபம். 2026 அக்டோபர் 31-க்குப் பிறகு டெல்லி லோடு மட்டும் ஒத்துவராது.

வாங்கும் முன்: என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுவது, பரிவாகனில் கடன் பதிவு, வரி பாக்கி, இ-சலான், எஃப்.சி. தேதி பார்ப்பது. யூரியா டேங்க் உள்ள மாடல் என்றால் அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். டேங்க் காலியாக இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் எஸ்.சி.ஆர்.-ஐ ஏமாற்றும் கருவியை மாட்டியிருக்கலாம்.

விற்கும்போதும் உடைக்கும்போதும்

பழைய வண்டியை விற்பவர் செய்யும் மிகப் பெரிய தவறு, பணத்தையும் ஓப்பன் கையெழுத்தையும் (வாங்குபவர் பெயர் நிரப்பாத படிவத்தில் போடும் கையெழுத்து) மாற்றிக்கொண்டு விட்டுவிடுவது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இடையில் எத்தனை கை மாறியிருந்தாலும் சரி. படிவம் 29, 30 போட்டு, கடன் இருந்திருந்தால் படிவம் 35 மூலம் அதை நீக்கி, புது ஆர்.சி. நகல் கைக்கு வரும் வரை விலையில் ஒரு பகுதியை மூன்றாவது ஆளிடம் நிறுத்தி வைப்பது நல்லது.

உடைப்பதானால் காயலான் கடையில் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. ஆர்.சி. உயிரோடு இருக்கும் வரை காலாண்டு வரி ஏறிக்கொண்டே இருக்கும். பல வருடம் கழித்து நோட்டீஸ் வரும். அரசு பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் டெபாசிட் சான்றிதழ் கிடைக்கும், பதிவும் ரத்தாகும். அந்தச் சான்றிதழைக் காட்டிப் புது வண்டி எடுத்தால், போக்குவரத்து வாகனத்துக்கு வரியில் 15 சதவீதம் வரை எட்டு வருடத்துக்குச் சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது. நடைமுறையில் எவ்வளவு என்பது மாநில அரசாணையைப் பொறுத்தது. சான்றிதழை இன்னொருவருக்கு விற்கவும் முடியும். ஒப்படைப்பதற்கு முன் டயர், பேட்டரி, டர்போ, கியர்பாக்ஸ் ஆகியவற்றைக் கழற்றி விற்கலாமா என்று நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் எடைக்கு விலை போடுகிறார்களா, முழு வண்டிக்குப் போடுகிறார்களா என்பதைப் பொறுத்து அந்தப் பாகங்களால் 50,000 ரூபாய் வரை வித்தியாசம் வரலாம்.